உட்கார்ந்தால் எத்தனை நிமிடம்? - வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்தப் பகுதியை நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், உட்கார்ந்தால் இடது கால் 25 நிமிடத்துக்கு மேல் விடாது என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள். பாதிக் கடிதங்கள் "உங்களுக்குமா?" என்றே தொடங்குகின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் சயாட்டிகாவுக்கே, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் அந்த நரம்பு வலிக்கே.

நான் மருத்துவர் இல்லை. மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவள். 14 வருடமாக இந்த வலியோடு இருக்கிறேன், அதில் முதல் 3 வருடம் அதை மறைத்தேன். பட்டதையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். உங்கள் காலைத் தொட்டுத் தூக்கிப் பார்த்த மருத்துவரின் சொல்தான் உங்களுக்கு முதல் சொல்.

ஒரு டாக்டர் சயாட்டிகா என்றார். இன்னொருவர் டிஸ்க் விலகல் என்றார். எனக்கு இருப்பது ஒரு நோயா, இரண்டா?
(தையல் வேலை செய்யும் வாசகி, வயது 46)

இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சயாட்டிகா என்பது அந்த நரம்பின் தடத்தில் ஓடுகிற வலியின் பெயர். டிஸ்க் விலகல் அந்த வலிக்கு ஒரு காரணம்.

கீழ் முதுகில் எல்4 முதல் எஸ்3 வரை (முதுகெலும்புகளை வைத்து நரம்பு வேர்களுக்கு இட்ட எண்கள் இவை) ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து, விரல் பருமனுக்கு ஒரே நரம்பாகிப் புட்டம் வழியாகத் தொடையின் பின்பக்கம் இறங்குகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு இதுதான். பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கை, நாம் ஜவ்வு என்கிறோமே அதை, எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் வெளியே வந்தால் பக்கத்தில் இருக்கும் நரம்பு வேரை அழுத்தும். அழுத்துவதோடு நிற்காது. அந்தக் கூழ் பட்டாலே வேர் அழற்சியாகிவிடும். சின்னப் பிதுக்கம் இருப்பவர் துடிக்கிறார், பெரிய பிதுக்கம் இருப்பவர் சாதாரணமாக நடக்கிறார் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோளாறு முதுகில், வலி காலில். இது புரியாமல் நான் முதல் ஆறு மாதம் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் குறை சொல்லிப் பயனில்லை, மருத்துவ உலகத்துக்கே இது புரிய வெகுகாலம் ஆனது. இடுப்பு மூட்டு வலி வேறு, நரம்பு வலி வேறு என்று இத்தாலிய மருத்துவர் டொமினிகோ கொட்டுன்யோ பிரித்து எழுதியது 1764-ல். டிஸ்க் கிழிந்து நரம்பை அழுத்துவதால் இந்த வலி வரலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் காட்டியது 1934-ல்.

டிஸ்க் தவிர வேறு காரணங்களும் உண்டு. தண்டுவடம் இருக்கும் குழாய் வயதாக ஆகச் சுருங்கலாம். ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் முன்னால் நகரலாம். புட்டத்துக்குள் இருக்கும் தசையே நரம்பை இறுக்கலாம். ஆகவே அடுத்த முறை டாக்டரிடம் "எதனால்?" என்று கேளுங்கள். போவதற்கு முன் கண்ணை மூடி, வலி போகும் வழியை ஒரு விரலால் இடுப்பிலிருந்து பாதம் வரை தடவிப் பாருங்கள். பெருவிரல் பக்கம் முடிந்தால் பெரும்பாலும் எல்5 வேர், சுண்டுவிரல் பக்கம் முடிந்தால் எஸ்1. எனக்குச் சுண்டுவிரல். அங்கே விரலை வைத்துக் காட்டினால், பத்து நிமிடம் விளக்குவதை விட டாக்டருக்குச் சீக்கிரம் புரியும்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் பல்ஜ் (டிஸ்க் பிதுக்கம்), தேய்மானம் என்று போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து குனியவே பயமாக இருக்கிறது.
(வாசகர், வயது 52)

வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களைத் திரட்டி 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 சதவீதம் பேருக்குப் பல்ஜ். மறுபடி சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் முதுகு வலி இல்லை. தலை நரைப்பது போல முதுகும் நரைக்கிறது. ஸ்கேனில் தெரியும் இடமும் உங்கள் காலில் வலி ஓடும் தடமும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. அதை டாக்டர் உங்கள் காலைத் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, கணுக்காலில் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காகிதத்தை மட்டும் பார்த்துச் சொல்பவரிடம் காலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிதுங்கிய டிஸ்க் அப்படியே இருந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெளியே வந்த கூழைப் பல பேருக்கு உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. புதிதாக வரும் சயாட்டிகா பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடக்கவும் வேண்டாம். நெதர்லாந்தில் 183 பேரிடம் செய்து 1999-ல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் படுத்தே இருந்தவர்கள் மற்றவர்களை விடச் சீக்கிரம் தேறவில்லை. முடிந்த அளவு நடங்கள், குனியுங்கள்.

எந்த நிலையில் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?
(பல வாசகர்கள்)

இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோரும் படியுங்கள். சிறுநீர் வர மறுப்பது, அல்லது வருவதே தெரியாமல் போவது. மலம் அடக்க முடியாமல் போவது. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடம் முழுதும், அதாவது இரு தொடைகளின் நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும், மரத்துப்போவது. இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ பரவுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்கும் நிலை அது. நாள் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை தேவைப்படும். தாமதித்தால் இழந்தது திரும்பாமல் போகலாம்.

திடீரென்று பாதத்தை மேலே தூக்க முடியாமல் தரையில் தட்டினால் அதுவும் அவசரம்தான். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் அதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆபீஸில் யாரும் நம்புவதில்லை. "நல்லாத்தானே இருக்கீங்க, நேத்து மாடிப்படி ஏறினீங்களே" என்கிறார்கள். வலியை எப்படி நிரூபிப்பது?
(கணக்குப் பிரிவில் வேலை செய்யும் வாசகி)

உங்கள் கடிதத்தில் இந்த வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதே வாக்கியம், மாடிப்படி உட்பட, எனக்கும் சொல்லப்பட்டது.

என் பழைய வேலையிடத்தில் ஒரு கூட்டம். 50 நிமிடம் உட்கார வேண்டியிருந்தது. இருபதாவது நிமிடத்தில் புட்டத்துக்குள் ஒரு கொக்கி மாட்டியது போல் ஆரம்பித்தது. முப்பதில் அது தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலில் கம்பியைச் சுட்டு வைத்தது போல் நின்றது. நாற்பதில் யார் என்ன பேசினார்கள் என்பதே காதில் விழவில்லை. நான் தலையாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வலது புட்டத்தில் மட்டும் பாரத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்து எழுந்தபோது இடது காலை ஊன்ற முடியவில்லை. "கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அந்த "ஆமாம்" எனக்கே நான் செய்த தீங்கு. வலியை அத்தனை நன்றாக மறைத்துவிட்டு, பிறகு யாரும் நம்பவில்லையே என்று அழுதேன்.

அடுத்து நான் செய்தது எதிர்த் தவறு. மேலதிகாரியிடம் போய், "ரொம்ப வலிக்குது சார், தாங்க முடியல, நெருப்பு மாதிரி எரியுது" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பரிதாபப்பட்டார். "உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார். நாற்காலி அதே நாற்காலி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நெருப்பு மாதிரி எரிகிறது என்று கேட்ட ஒருவர் என்ன செய்ய முடியும்?

வழி காட்டியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். ஒரு வாரம் முழுக்க நிமிடங்களை எழுதச் சொன்னார். உட்கார்ந்தது எத்தனை, நின்றது எத்தனை, நடந்தது எத்தனை, எந்த நிமிடத்தில் வலி தொடங்கியது, எத்தனை நேரம் படுத்த பிறகு அடங்கியது. வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தேன். உட்கார 25. ஒரே இடத்தில் அசையாமல் நிற்க 12. சமதளத்தில் நடக்க 40. வலப்பக்கமாகப் படுக்க எத்தனை நேரம் வேண்டுமானாலும். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அதே அறைக்குப் போனேன். "சார், 20 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். நின்று வேலை செய்ய உயரமான மேசை ஒன்று வேண்டும். மதியம் 20 நிமிடம் காலை நீட்டிப் படுக்க ஒரு இடம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் என் வேலையில் ஒரு பக்கம் கூடப் பாக்கி விழாது." அவர் காகிதத்தைப் பார்த்தார். "மேசைக்கு ஏற்பாடு பண்ணலாம்" என்றார். நான் அழுதபோது கிடைக்காத மேசை நிமிடத்தைச் சொன்னபோது கிடைத்தது.

அதனால் உங்களுக்கு என் பதில், வலியை நிரூபிக்கப் போகாதீர்கள். எந்தக் கருவியும் அதை அளக்காது. உங்களால் எத்தனை நிமிடம் எது முடியும், அதற்கு மேல் என்ன ஏற்பாடு வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். டாக்டர் கடிதத்திலும் நோயின் பெயரோடு இந்த நிமிடக் கணக்கும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். இது சலுகை கேட்பது ஆகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் வந்தது. நிறுவனத்துக்கு அளவு மீறிய சுமையாகாத நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையும் அது பாகுபாடு என்றே சொல்கிறது.

மாடிப்படி விஷயத்துக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஏறினேன். அதனால்தான் இன்று முடியவில்லை." அதோடு நிறுத்திவிடுங்கள், விளக்கிக்கொண்டே போக வேண்டாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வலி வந்த பிறகு எழுந்தால் தாமதம். என் அளவு 25 என்றால் டைமரை 20-க்கு வைக்கிறேன். நன்றாக இருக்கும் நாளிலும் 20-தான். நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று நாள் படுக்கையில் போகும். இந்த ஒரு பழக்கத்துக்கு எனக்கு நாலு வருடம் பிடித்தது.

200 மீட்டருக்கு மேல் நடக்க முடியவில்லை. கைத்தடி வாங்கி ஆறு மாதமாகக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு 38 வயதுதான். என்னை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.
(முன்பு கனரக வாகனம் ஓட்டிய வாசகர்)

தம்பி, அந்தக் கதவு என் வீட்டிலும் இருந்தது.

ஒரு ரயில் நிலையத்தின் நீண்ட நடைபாதையில் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பையன், "அம்மா, செருப்பு, செருப்பு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். குனிந்து பார்த்தால் என் இடது கால் வெறுங்காலாக இருக்கிறது. பத்துப் பதினைந்து அடி அப்படியே நடந்து வந்திருக்கிறேன். தரையின் குளிர்ச்சியோ கல்லோ எதுவும் தெரியவில்லை. என் பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் மரத்துப்போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. வலி இருக்கிறது என்று தெரியும், உணர்ச்சி இல்லை என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டேன். பையன் கையில் என் செருப்பை வைத்துக்கொண்டு நிற்கிறான். வாங்கிப் போட்டுக்கொண்டேன். மறுநாள் பின்பட்டை வைத்த காலணியும் ஒரு கைத்தடியும் வாங்கினேன்.

நான் சொன்ன அந்த ஐ.நா. உடன்படிக்கை, நீண்டகாலக் குறைபாடு ஒருவருக்கு இருந்து, சுற்றியிருக்கும் தடைகளும் சேர்ந்து அவரை மற்றவர்களோடு சமமாகப் பங்கெடுக்க விடாமல் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் தடையில் பாதி அந்த 200 மீட்டரில் இருக்கிறது, பாதி வழியில் ஒரு பெஞ்சு கூட இல்லாத தெருவில் இருக்கிறது. இதில் நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது? வண்டி ஓட்டியவர் நீங்கள். பளு அளவுக்கு மேல் போனால் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள், அவமானம் என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் ஊர்ச் சட்டத்தில் சான்றிதழ் கிடைக்குமா, எத்தனை சதவீதம் என்பது வேறு கேள்வி, விசாரித்துக்கொள்ளுங்கள். சொல்லை ஏற்பதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தடி எடுத்தால் இனிமேல் சரியாகவே ஆகாது என்ற பயமும் இருக்கும், எனக்கு இருந்தது. தடி எடுக்கும் நாளும் உண்டு, எடுக்காத நாளும் உண்டு. நேற்று தடி இல்லாமல் பார்த்தவர் இன்று தடியோடு பார்த்தால் அது அவர் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எனக்குத் தடி செய்த பெரிய உதவி வேறு. கூட்டத்தில் யாரும் இடிப்பதில்லை, இடம் விடுகிறார்கள், எழுந்து இருக்கை தருகிறார்கள். நான் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், தடியை வலி இல்லாத பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். வலிக்கும் காலும் தடியும் சேர்ந்தே முன்னால் போகட்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும், பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். அடி ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள், ஈரத்தில் வழுக்கும். பாதம் தரையில் தட்டுகிறது என்றால் கணுக்காலைத் தாங்கும் ஆர்த்தோசிஸ் என்ற பட்டை இருக்கிறது, அளவெடுத்துச் செய்து தருவார்கள். மரத்த பாதமாக இருந்தால் இரவில் ஒரு முறை உள்ளங்காலைப் பாருங்கள், முள் குத்தியிருந்தாலும் தெரியாது. சூடான தண்ணீரில் அந்தக் காலை முதலில் வைக்காதீர்கள்.

ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, நிறுத்திவிடலாமா?
(இரண்டு வாசகர்கள், இரண்டு கடிதம்)

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கடுமையான கால் வலி இருந்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். காத்திருந்த பிரிவிலும் வலி பொறுக்க முடியாமல் பலர் இடையிலேயே செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான் 14 மாதம் கழித்துச் செய்துகொண்டேன். மறுநாள் காலை அந்தச் சுண்டி இழுக்கும் வலி இல்லை, படுக்கையில் கிடந்தபடி அழுதேன். மரமரப்பும் எரிச்சலும் போகவில்லை. நரம்பின் மேல் இருக்கும் அழுத்தத்தை எடுப்பதுதான் கத்தியின் வேலை, நொந்த நரம்பு எவ்வளவு தேறும் என்பதற்கு அது பொறுப்பேற்காது. "கால் வலிக்கு எவ்வளவு, முதுகு வலிக்கு எவ்வளவு, மரமரப்புக்கு எவ்வளவு?" என்று மூன்றையும் தனித்தனியாக டாக்டரிடம் கேளுங்கள். பொதுவாகக் கால் வலிக்குத்தான் பலன் அதிகம்.

மாத்திரை பற்றி எழுதியவர் பிரிகாபலின் என்று குறிப்பிட்டிருக்கிறார், நரம்பு வலிக்குக் கொடுக்கும் மருந்து அது. ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் செய்து 2017-ல் வந்த ஆய்வில், சயாட்டிகா கால் வலிக்கு அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விட அதிகமாக உதவவில்லை. தலைசுற்றல்தான் அதிகம் இருந்தது. எனக்கும் அதைக் கொடுத்தார்கள், ஒரே வரியை மூன்று முறை படித்தும் பிழை கண்ணில் படவில்லை. ஆனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு வேறு விதமாகப் படுத்தும். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

என் மனைவிக்கு ஐந்து வருடமாக இந்த வலி. என்ன உதவி செய்தாலும் கோபம் வருகிறது. செய்யாவிட்டாலும் கோபம். நான் என்னதான் செய்ய வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

கேட்டதற்கே நன்றி. உங்களைப் போன்றவர்கள் அதிகம் எழுதுவதில்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்திப் பாருங்கள். ஒரு நாளில் பத்து முறை வலியைத் தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் இப்போது "படுக்கணுமா, நடக்கணுமா?" என்றுதான் கேட்பார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். கையிலிருக்கும் வேலையைப் பிடுங்காதீர்கள். அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே இருக்கும் உயரத்துக்கு மாற்றி வையுங்கள், குனிந்து எடுக்க வேண்டியதை நீங்கள் எடுங்கள், மற்றதை அவர் செய்யட்டும். வெளியே போகும்போது "நடுவில் கிளம்ப வேண்டியிருந்தால் கிளம்பிவிடலாம்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன நாளில்தான் நான் கடைசிவரை இருந்திருக்கிறேன்.

படுக்கையறை பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தீர்கள். அதைப் பேசாமல் விட்டால் அவர் தன்னை வேண்டாதவளாக நினைத்துக்கொள்வார். ஒருக்களித்த நிலை, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, வலி குறைவாக இருக்கும் நேரம், எந்த நொடியிலும் நிறுத்தலாம் என்ற உறுதி. இவ்வளவுதான் வேண்டும். முதலில் பேச வேண்டும். உங்கள் களைப்பையும் சொல்லுங்கள். ஐந்து வருடம் உங்களுக்கும் ஐந்து வருடம்தான்.

பகலில் சமாளித்துவிடுகிறேன். இரவுதான். இப்படியே இருந்து என்ன என்று தோன்றுகிறது.
(வாசகி)

அம்மா, உங்கள் கடைசி வரியை நான் லேசாகக் கடந்து போகவில்லை. வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா? வந்தால் இன்று, இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது டாக்டரையோ உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். எனக்கும் இரண்டாவது வருடத்தில் ஒரு இரவு அப்படி வந்தது. பக்கத்தில் தூங்கியவரை எழுப்பினேன். "எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை, அதுவே போதுமாக இருந்தது. அடுத்த வாரம் மனநல மருத்துவரிடம் போனோம். நீண்ட வலியோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது சகஜம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, அதைக் குணப்படுத்தினால் வலியின் பிடியும் கொஞ்சம் தளர்கிறது.

இரவில் வலி பெரிதாவதற்குக் காரணம் உண்டு. பகலில் கண்ணும் காதும் தோலும் வேறு செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் தோலின் தொடுசெய்தி தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு வழியை அடைக்கும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-ல் ஒரு கோட்பாடு சொன்னார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் இதமாக இருப்பது அதனால்தான். இரவில் தேய்க்க ஒன்றும் இல்லை. வெந்நீர்ப் பை, மெல்லிய குரலில் ரேடியோ, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, இவை எனக்கு உதவின. இன்னொன்றும் உதவியது. மாதக்கணக்கில் நீளும் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. அதனால் இரவு மூன்று மணிக்கு வலி ஏறினால், முதுகில் புதிதாக ஏதோ கிழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதலிலேயே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை என்றால் இதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

என் பையனுக்கு இரண்டு வயது. "தூக்கு, தூக்கு" என்று கையை நீட்டி அழுகிறான். தூக்க முடியவில்லை. அவன் என்னை விட்டு விலகிவிடுவானோ?
(இளம் தாய்)

எனக்கு வலி வந்தபோது என் மகளுக்கு நாலு வயது. அவள் கையை நீட்டும்போது "அம்மாவுக்கு முடியாது" என்று சொல்லிச் சொல்லி, அவள் கேட்பதையே நிறுத்திய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அவளைத் தரையிலிருந்து தூக்குவதுதான் என்னால் முடியாதது. அவள் என்னிடம் ஏறி வரலாமே?

ஒரு சாண் உயரத்தில் ஒரு முக்காலி வாங்கினோம். அதில் ஏறிச் சோபாவுக்கு, சோபாவிலிருந்து என் மடிக்கு. கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகு நான் எழ மாட்டேன், அதே இடத்தில் வைத்துக்கொள்வேன். டைமரைத் திருகும் பொறுப்பை அவளுக்கே கொடுத்தேன். 20 நிமிடம் ஆகி மணி அடித்ததும் "எழுந்திரும்மா, நடக்கணும்" என்று அவளே கையைப் பிடித்து இழுப்பாள். மற்ற நேரம் நான் வலப்பக்கமாகப் படுத்திருப்பேன், அவள் வந்து என் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக் கதை கேட்பாள். உங்கள் பையனுக்கு இரண்டு வயதுதான், இரண்டே நாளில் ஏறப் பழகிவிடுவான். முக்காலி ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவன் கையை நீட்டினால் "முடியாது" என்று சொல்லாமல் "ஏறி வா" என்று சொல்லுங்கள்.

மகளுக்கு இப்போது 18 வயது, என்னை விட உயரம். முக்காலி இன்னும் இருக்கிறது. நின்றபடி எழுதும்போது ஒரு காலைத் தாழ்வான எதன் மேலாவது வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் இடுப்புக்கு இதமாக இருக்கும். என் இடது கால் இப்போது அதன் மேல்தான் இருக்கிறது.